கைப்பிடி இல்லாத நாற்காலி

எங்கள் ஆலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை. பத்துப் பன்னிரண்டு பேராக முன்னால் போய், பீடத்தின் முன்னிருக்கும் மரக் கிராதியை ஒட்டி முழங்கால் போடவேண்டும். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் அப்பமும் திராட்சரசமும் கொடுத்து முடித்து ஆசீர்வாதம் சொன்னதும் அந்த வரிசை மொத்தமாக எழுந்து அடுத்த வரிசைக்கு இடம் விடவேண்டும். சிறுவயதிலிருந்து செய்துவருகிற காரியம். அதற்கென்று யோசித்ததே இல்லை.

ஒரு ஞாயிறு வரிசை எழுந்தது. நான் எழவில்லை. வலது முட்டியில் சுளீர் என்று ஒரு வலி. கிராதியைப் பிடித்து உந்தினேன், பாதி வரைக்கும் எழுந்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தேன். என்னோடு முழங்கால் போட்டவர்கள் எல்லாம் தங்கள் இடத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த வரிசை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. கடைசியில் இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்து என்னைத் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்துப் பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டது, அதனால் நான் "அம்மா" என்றது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குக் கோபம் வந்தால் வகுப்பில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும். அன்றைக்குக் கோபம் வரவில்லை, அவமானமாக இருந்தது. அடுத்த மாதம் நான் போனபோது, கிராதிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி காத்திருந்தது. போட்டவர் கோயில்குட்டியார். ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, விளக்குப் போடுகிறவர். நல்ல மனுஷர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"டீச்சரம்மா, கஷ்டப்படாண்டாம். சேர்ல இருந்தே வாங்கிக்கிடுங்க" என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்த நாற்காலியைத் தூக்கி வெளியே எறியவேண்டும் போல இருந்தது. எட்டு மாதம் அதில் உட்கார்ந்தேன். எல்லாரும் முழங்காலில் இருக்க, நான் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி நாற்காலியில். கால் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது, எடையைக் குறையுங்கள், உடம்பை அசையுங்கள் என்றார். அப்போதுதான் யோகா என்ற எண்ணம் வந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, யாரும் தூக்கிவிடாமல் கிராதியிலிருந்து நானாக எழவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர். காலையில் டீயும் பேப்பருமாக நாட்டை நடத்துகிறவர். விஷயத்தைச் சொன்னதும் பேப்பருக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கினார்.

"ஏட்டி, வாக்கிங் போறேன்னு ஷூ வாங்குனியே, அது எங்கன கெடக்கு?"

"கட்டிலுக்கு அடியில."

"அப்போ பாயையும் அங்கனயே வச்சிரு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்."

அந்தப் பேச்சுக்காகவே செய்து காட்டவேண்டும் என்று முடிவெடுத்தேன். நம்முடைய வேதத்துக்கு இது ஆகுமா என்று சொந்தக்காரப் பெண்ணொருத்தி போனில் கேட்டாள். ஐயரிடமே போய் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "முட்டிக்கு நீங்க போடுத தைலத்த எந்த மதத்துக்காரர் காய்ச்சினார்னு கேட்டா வாங்குனீங்க?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்தது பாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் விளையாட்டுச் சாமான் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் ரோஸ் நிறத்தில் ஒன்றை உருட்டிக் காட்டினார். வாங்கியிருப்பேன். கேடு என்னவென்றால் நான் இருப்பது சங்கரன்கோவில். எங்கள் தெருவில் துணியைக் கடையில் வாங்குகிற பழக்கம் கிடையாது. விரிப்பு, துண்டு, கரித்துணி எது வேண்டுமென்றாலும் அடுத்த வீட்டுத் தறியில் கேட்டால் கிடைக்கும். எங்கள் அடுத்த வீட்டுக்காரி நாலு விசைத்தறி ஓட்டுகிறவள். காலை ஏழு மணிக்குத் தறி ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியும் சேர்ந்து ஆடும். கடைக்குப் போய்வந்த கதையைச் சொன்னதும் அவளுக்கு வந்ததே கோபம்.

"துணி ஊர்ல இருந்துக்கிட்டு ரப்பர் பாய்க்கு அலையுதியளா டீச்சர்? வெளிய சொல்லிராதிய, சிரிப்பாங்க."

அன்று சாயங்காலமே கெட்டியான விரிப்புத் துணி ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். தறியிலிருந்து இறக்கிய சூடு ஆறாதது. நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், துணியைத் தொட்டாலே நூல் எத்தனையாம் நம்பர் என்று சொல்கிறவள், ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். புதுத் துணியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். நாலு தண்ணீர் கண்டால்தான் போகும். எங்கள் வீட்டுத் தரையோ பளபளவென்று டைல்ஸ்.

வழிகாட்ட ஆள் வேண்டுமே. மொபைலில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். இருபது வயதிருக்கும், கடற்கரையில் நின்று சிரித்துக்கொண்டே ரப்பர் மாதிரி வளைந்தாள். மொபைலைப் பருப்பு டப்பாவில் சாய்த்துவைத்தேன். சேலையில் முடியாது, நைட்டியில் கால் சிக்கும் என்று, கட்டிக்கொடுத்த மகள் விட்டுப்போன பழைய சுடிதார் பேன்ட்டை மாட்டிக்கொண்டேன். கையைத் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கச் சொன்னாள். தூக்கினேன். "அப்படியே ரிலாக்ஸ் பண்ணுங்க" என்றாள் மகராசி. ரிலாக்ஸ் பண்ணின அதே நொடியில் கஞ்சித் துணி டைல்ஸில் சறுக்கியது. நானும் துணியுமாகச் சமையலறை வாசல் வரைக்கும் போய், பிரிட்ஜ் காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

வீட்டுக்காரர் ஓடிவந்தார். முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது, ஆனாலும் "ஏட்டி, அடி கிடி பட்டிருச்சா?" என்று மூன்று தடவை கேட்டார். அடியில்லை. தரையில் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதேன். தரையிலிருந்து எழ அவருடைய கை தேவைப்பட்டதே, அதற்காகத்தான் அழுதேன். மொபைலில் அந்தப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவரே அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப்போனார். அங்கே யோகா டாக்டர் ஒருவர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முப்பது வயதுப் பெண். என்னை நடக்கவிட்டுப் பார்த்தார், உட்கார்ந்து எழச் சொன்னார், முட்டியை அமுக்கிப் பார்த்தார். துணியில் சறுக்கிய கதையைச் சொன்னபோது சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு, "உங்களுக்கு என்ன செய்யணும்? எதுக்கு யோகா?" என்று கேட்டார். இதுவரைக்கும் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கிராதியின் கதையைச் சொன்னேன்.

அவர் சீட்டில் எழுதிக்கொடுத்தார். சறுக்காத ரப்பர் பாய் ஒன்று, ரொம்ப மெத்தென்று வேண்டாம், நிற்கும்போது தள்ளாடும். காலில் மாட்டி இழுக்க நீளமான பட்டை ஒன்று. வெறும் வயிறு. வலித்தால் நிறுத்து என்பதை இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தார். சீட்டின் தலையில், எல்லாவற்றுக்கும் முதலில் எழுதியிருந்தது: நாற்காலி, கைப்பிடி இல்லாதது.

எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. "டாக்டர், நாற்காலி வேண்டாம்னுதான் நான் இங்க வந்திருக்கேன்" என்றேன்.

"அது உக்காருறதுக்கு டீச்சர். இது எந்திரிக்கிறதுக்கு" என்றார் அவர். "கைப்பிடி இருந்தா கை வேலை செய்யும். இல்லேன்னா தொடை வேலை செய்யும். உங்களுக்குத் தொடைதான் வேணும்."

கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அந்த ரோஸ் பாயை வாங்கினேன். வீட்டில் கிடந்த நாற்காலிகளில் கைப்பிடி இல்லாத, கால் ஆடாத மர நாற்காலி ஒன்றைத் தேடியெடுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். பட்டைக்குக் கடையெல்லாம் ஏறவில்லை. அடுத்த வீட்டுக்காரி விரிப்பின் கரையை நீளவாக்கில் கிழித்துக் கொடுத்தாள். யானையைக் கட்டினாலும் அறாது. சறுக்கிவிட்ட துணியைத் தானே வாங்கிப்போய் நாலு தண்ணீரில் அலசி, காயப்போட்டு, எட்டாக மடித்து, "இது முட்டிக்கு அடியில வைக்கதுக்கு. எந்துணிக்கு வந்த கெட்ட பேரு போகணும்லா" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு எழுவது மட்டும்தான். கேட்க எளிது. மூன்றாவது தடவையில் தொடை கதறியது. டாக்டர் மூச்சை எண்ணிக்கொண்டு செய்யச் சொல்லியிருந்தார். எண்ணினால் சலிப்பாக இருந்தது, பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன். எழும்போது பதினேழு, உட்காரும்போது முப்பத்து நாலு. நூற்றெழுபது வரைக்கும் போய்ச் சேர எனக்கு மூன்று வாரம் ஆனது. வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் நூற்றிரண்டுக்குப் பிறகு நூற்றுப்பதினெட்டு என்று சொல்லிவிட்டேன். "ஒண்ணு குறையுது, நூத்துப்பத்தொம்பது" என்று திருத்தினார். கணக்கு டீச்சருக்கே கணக்கு. அன்றைக்கு அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கும் பாடம். நான் தள்ளாடுவதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரிக்குத் தாங்கவில்லை. "எங்க அம்மன் இந்த ஊர்ல ஒத்தக்கால்லதான் தவம் நிண்ணா. நீங்க சேரப் பிடிச்சுக்கிட்டாவது நில்லுங்க டீச்சர்" என்றாள். அதற்கு எடுக்கிற ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைப்பருவத்திலிருந்து ராட்டினத்துக்காகப் போயிருக்கிறேன். அந்தத் தவம் எவ்வளவு கஷ்டம் என்பது என் கணுக்காலுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மாதம் ஒருமுறை டாக்டரிடம் போனேன். மூன்றாவது மாதம்தான் தரைக்கு இறங்கவிட்டார். மடித்த துணியில் முட்டி, ஒரு கை நாற்காலியில். இடது பாதத்தை முன்னால் கொண்டுவந்து ஊன்றி, தொடையில் பாரத்தைப் போட்டு எழவேண்டும். முதல்நாள் நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு வாரம் கழித்து ஒற்றை விரல் மட்டும் அதில் இருந்தது. அப்புறம் ஒரு காலை, தறி ஓட ஆரம்பிக்கிற நேரம், எழுந்து நின்ற பிறகுதான் பார்த்தேன், இரண்டு கையும் என் இடுப்பில் இருந்தன. நாற்காலியைத் தொடவே இல்லை. திரும்பவும் இறங்கி, திரும்பவும் எழுந்தேன். மூன்றாவது தடவை எழுந்தபோது போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டில் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். அவள் தறியை நிறுத்துவது கரண்ட் போனால் மட்டும்தான்.

அடுத்த முதல் ஞாயிறு. வெள்ளை நாற்காலி வழக்கம்போல இருந்தது. அதைத் தாண்டிப் போய் வரிசையின் ஓரத்தில் முழங்கால் போட்டேன். கோயில்குட்டியார் பதறி ஓரடி முன்னால் வந்தார். ஐயர் அப்பம் கொடுக்கும்போது ஒரு நொடி என்னைப் பார்த்தார். ஆசீர்வாதம் முடிந்தது. இடது பாதத்தை ஊன்றினேன். மனசுக்குள் பதினேழு என்றேன். எழுந்துவிட்டேன். வரிசையில் முதல் ஆளாக எழுந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருக்க நான் ஒன்றும் அவ்வளவு அடக்கமானவள் இல்லை. இடத்துக்குத் திரும்பும்போது பெண்கள் பக்கத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தவர்கள் இருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, அவரே எழுந்த மாதிரி இருந்தார்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கோயில்குட்டியார் அந்த நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இனிமே இது வேண்டாம், என்ன டீச்சரம்மா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

அவர் போகவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தார். "நான் முழங்கால் போட்டு நாலு வருசம் ஆச்சு. எல்லாரும் வாங்கினதுக்குப் பொறவு கடைசியா நிண்ணுக்கிட்டே வாங்குதேன். மணியடிக்கிறவன்தானே, யாரும் கவனிக்கல" என்றார்.

எட்டு மாதம் எனக்கு நாற்காலி போட்டவர். அவருக்கு ஒன்று போட எனக்குத் தோன்றவே இல்லை.

"நாளைக்கே டாக்டர்ட்ட போவோம் அண்ணாச்சி, நான் வாரேன்" என்றேன். "வீட்ல ஒரு நாற்காலி தேடி வைங்க. கைப்பிடி இல்லாதது."

அவருக்கு ஆறு மாதம் ஆனது. போன நற்கருணைக்கு மணியடித்துவிட்டு, கடைசி வரிசையில், ஆண்கள் பக்கம் முடிகிற இடத்தில் வந்து முழங்கால் போட்டார். பெண்கள் பக்கம் அதை ஒட்டிய இடத்தை நான் முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தேன். ஆசீர்வாதம் முடிந்து வரிசை எழுந்தது. அவர் பாதத்தை ஊன்றினார், உதடு அசைந்தது, மெதுவாக எழ ஆரம்பித்தார். எனக்கு ஒரே மூச்சில் எழ முடியும். அவர் நிமிர்ந்து நிற்கும் வரைக்கும் நான் முழங்காலிலேயே இருந்தேன்.