மருந்துச் சீசாவின் மஞ்சள் நூல்

எங்க வீட்டுக்காரர் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மருந்துக்கடையில் கம்பவுண்டர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி. அடைமழையில் கண்மாய் உடைந்து, சின்னாளப்பட்டித் தறிக்காரர் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. பின்னாலேயே வாந்திபேதி. பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் கிடத்தியிருந்தார்கள். மருந்து கலக்க ஆள் வேண்டுமென்று டாக்டர் கேட்டனுப்பியதும் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் நிறைமாசம். "போயிட்டு வாரேன்"னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் சொம்பு ஒன்று நசுங்கியதுதான் மிச்சம்.

அப்போதெல்லாம் மருந்துத் தண்ணி வாங்க வீட்டிலிருந்து சீசா கொண்டுபோக வேண்டும். யாருக்கு, எவ்வளவு என்று காட்ட ஒரு காகிதப் பட்டையைப் பசை தடவி ஒட்டித் தருவார்கள். அங்கே ஈரத்தில் காகிதமெல்லாம் உரிந்து விழுந்தது. பெரியவர் மருந்து எது, பிள்ளை மருந்து எது? இவர் தறிக்காரர்களிடமே சாய நூல் வாங்கி, சீசாக் கழுத்தில் ஒரு நிறம், அதே நிறம் நோயாளி மணிக்கட்டில் என்று கட்டிவிட்டார். நல்ல யோசனைதான். ஊர் அதை என்னவென்று நினைக்கும் என்றுதான் மனுஷன் யோசிக்கவில்லை.

ஒரு சின்னப் பையனுக்குக் கட்டியது மஞ்சள் நூல். மறுநாள் அவன் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. உடனே திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நரம்பில் மருந்து ஏற்றணும் என்றார் டாக்டர். வண்டியும் வந்து நின்றது. அவன் அம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டு மாட்டேன் என்றுவிட்டாள்.

"காப்புக் கட்டியாச்சேய்யா. காப்போட ஊர் எல்லை தாண்டினா ஆத்தா சும்மா விடுவாளா?"

"அது காப்பில்ல தாயி, அடையாளத்துக்குக் கட்டுனது" என்று இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. வாந்திபேதி வந்த ஊரில் மஞ்சள் நூலைப் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கடைசியில் இவர் அந்த நூலை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டார்.

"பிள்ளைக்குப் பதிலா நான் இருக்கேன். அவன் திரும்பி வார வரைக்கும் எல்லையத் தாண்ட மாட்டேன்."

அதுக்கப்புறம்தான் அவள் வண்டியில் ஏறினாள்.

வண்டிக்காரர்தான் எனக்கு இதெல்லாம் சொன்னார். கூடவே இவர் சொல்லியனுப்பியது: "அவங்களுக்கு அங்க யாருமில்ல. செத்த போய்ப் பாரு."

"வயித்துப் பிள்ளக்காரிய விட்டுட்டு ஊரான் பிள்ளைக்குக் காப்புக் கட்டிக்கிட்டாராக்கும், மகராசன்!" என்று திட்டிக்கொண்டேதான் அந்த அம்மாவுக்குச் சோறு எடுத்துப் போனேன். என்னை உள்ளே விடவில்லை, ஜன்னலோடு சரி. பையன் கிழிந்த துணி மாதிரிக் கிடந்தான். அவன் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஐயா அங்கனதான இருக்காரு?"

ஆமா என்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திட்டுவதற்கு வாய் வரவில்லை. தினமும் போனேன். தினமும் அதே கேள்விதான்.

எனக்கு இடுப்புவலி எடுத்த அன்றும் பையன் கண் முழிக்கவில்லை. என் தம்பி பதறிப்போய்ச் சைக்கிளை எடுத்தான். "மச்சானக் கூட்டிட்டு வாரேன்க்கா."

மருத்துவச்சி கையை உதறிவிட்டுக் கத்தினேன்: "ஏலே, அவரக் கூட்டிட்டு வந்தே, தொலைச்சுப்புடுவேன்! அந்தப் பய இன்னும் கண்ணு முழிக்கல. அவரு அங்கனயே இருக்கட்டும்!"

மகள் பிறந்தாள். அந்தப் பையன் கண் முழித்து, கஞ்சி குடித்து, அவன் அம்மா இடுப்பில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் என் மகள் தன் அப்பாவைப் பார்த்தாள்.