அத்தான் கட்டிய கார்

சக்கரம் இல்லாமல் நாலு செங்கல் அடுக்கின் மேல் நின்ற ஒரு பழைய ஜீப்பின் சேஸிஸ்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எண்பதுகளின் பிற்பகுதி. தாம்பரத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை கிடைத்ததும், கோவிலம்பாக்கத்து அம்மா வீட்டிலிருந்து இரும்புலியூரில் அக்கா வீட்டுக்கு வந்து தங்கினேன். அத்தான் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர். வெளிநாட்டில் பாகங்களைப் பெட்டியாக வாங்கி வீட்டிலேயே கார் கட்டுகிறார்கள் என்று ஏதோ பத்திரிகையில் பார்த்திருந்தார். இங்கே அப்படிப் பெட்டி ஏது? புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் என்ஜினையும் கியர் பாக்ஸையும் தேடிப் பிடித்து, அந்த ஜீப் சட்டத்தின் மேல் ஃபைபரில் தானே பாடி செய்து, வீட்டு ஷெட்டில் மூன்று வருடம் கட்டினார்.

கூட உழைத்தவள் அக்கா. ஃபைபரை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அவள் கைகள் முழங்கைவரை அரிப்பெடுத்துச் சிவந்திருக்கும். காருக்கு அடியிலிருந்து அத்தான், "பன்னெண்டு பதிமூணு" என்று கை நீட்டினால் அந்த ஸ்பானர் உடனே கைக்கு வரவேண்டும். மாறிப்போனால் அதே ஸ்பானர் அவள்மேல் பறந்து வரும். போல்ட்டில் மரை போனால் அறை. கார்புரேட்டர் ஒழுகினால் உதை. ஒருமுறை கொதிக்கும் சைலன்சரில் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். "வெல்டிங் பொறி பட்டுடுச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள். அடித்து ஓய்ந்ததும் அவரே உட்கார்ந்து களிம்பு தடவிவிடுவார். அடியைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்ஜின் கிளம்பியது. தெருவே கூடிவிட்டது. அத்தான் கர்வத்தோடு வண்டியை வெளியே எடுத்தார். கிளட்சிலிருந்து கால் நழுவியிருக்க வேண்டும்; கார் ஒரே பாய்ச்சலில் கேட் தூணில் மோதி, முன்பக்கம் பிளந்து தொங்கியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அவர் இறங்கினார். சிரித்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷெட்டுச் சுவரில் தொங்கிய ஃபேன் பெல்ட்டை உருவிவந்து அக்காவின் முகத்தில் விளாசினார். "வழி பாத்துச் சொல்லத் தெரியாதாடி நாயே?" இரண்டாவது அடியில் அவள் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. "சார், வுடு சார், இன்னா சார் இது?" என்று எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் மட்டும் குரல் கொடுத்தார். ஒருவரும் உள்ளே வரவில்லை. நானும் வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

அக்கா ஷெட்டுக்குள் போய் ஒரு சம்மட்டியோடு வந்தாள். முதல் அடியில் முன்கண்ணாடி தூளானது. அடுத்து ஹெட்லைட்டுகள். பிறகு பானெட். தான் மாதக்கணக்கில் தேய்த்து வழவழப்பாக்கிய இடமாகப் பார்த்து அடித்தாள். "ஏய்!" என்று பாய்ந்தவரை நோக்கிச் சம்மட்டியை ஓங்கினாள்.

"கிட்ட வா. அடுத்தது உன் மண்டதான்."

அதுவரை அவரை அவள் 'நீங்க' என்றுதான் பேசிக் கேட்டிருக்கிறேன். அவர் அப்படியே நின்றார். பிறகு உடைந்த காரின் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அக்கா என்னைப் பார்த்து, "வா" என்றாள். செருப்புகூடப் போடாமல் ஜி.எஸ்.டி ரோடு வரை நடந்து பஸ் ஏறினோம்.

"இன்னாம்மா கைல, சம்மட்டியா? யாரையாச்சும் போட்டுட்டு வந்துகினு கீறியா?" என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா, காரைத்தான். பல்லாவரம் ரெண்டு."

சொன்னபோது அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. குரோம்பேட்டை தாண்டியதும் சம்மட்டியை என் மடியில் வைத்துவிட்டு முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டாள். பல்லாவரத்தில் பஸ் மாறி அம்மா வீட்டுக்குப் போனோம். அதன்பின் அவள் திரும்பிப் போகவில்லை. அத்தான் இரண்டு முறை அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்.

இப்போது அக்கா மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். போன மாதம்தான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது. "அந்த மூணு வருஷமும் நான் பக்கத்து ரூம்லயே இருந்தேன். ஒண்ணுமே செய்யல. என்மேல கோவம் இல்லியாக்கா?"



"அவர் அடிக்க ஆரம்பிச்சா நீ ரேடியோ சத்தத்தக் கூட்டுவே. எனக்குக் கேக்கும்" என்றாள். பிறகு எனக்கும் சேர்த்துக் காபி போட எழுந்து போனாள்.