பெரட்டுக்கு நின்ற வேன்

ஈப்போவில் எங்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போன வேனை ஓட்டியவர் ஓர் அக்கா. கட்டையான உருவம். வெயிலே வராத காலையிலும் தலையில் தொப்பி. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியாக எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் ஆள் ஏறியதும், கண்ணாடியில் ஒன்பது பேரையும் எண்ணிவிட்டுத்தான் வேனை எடுப்பார். அதற்குப் பெரட்டு என்பார். அவர் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு.

"அங்க லேட்டா போனா என்னக்கா செய்வாங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குப் போன்னுடுவாங்க லா. அன்னிக்கு வேலை இல்ல."

ஒருநாள் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். பல்கூடத் துலக்காமல் ஓடிவந்தால், வேன் முனையிலேயே நிற்கிறது. உள்ளே எட்டுப் பேரும் முறைத்தார்கள். அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பெரட்டு முடிஞ்சிருச்சு. போலாம்."

பிறகு அவர் சித்தியவான் பக்கம் போய்விட்டார். போன வாரம் புது ஓட்டுநர் வேனை எடுக்கப் பார்த்தார். "இருங்கண்ணே, பெரட்டு முடியல. இன்னும் ஓராள் வரணும்" என்றேன்.

பக்கத்தில் இருந்த, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண், "பெரட்டுன்னா என்னக்கா?" என்றாள்.

"ஆள் வர்ற வரைக்கும் நிக்கிறது" என்றேன்.