கட்டாததை எப்படி அறுப்பது

வேந்தன் இறந்த பிறகும் அவன் கைப்பேசி விடிகாலை நாலேகாலுக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தது. பெங்களூருக்குப் போகும் முதல் ரயிலைப் பிடிக்க அவன் வைத்த அலாரம். அடிக்கும்போது நிறுத்த ஷாலினியால் முடியும். அடியோடு எடுத்துவிட அவன் பூட்டு எண் வேண்டும். அது அவளுக்குத் தெரியாது. சார்ஜ் தீர்ந்தால் தானாக ஓய்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டு எலைன் சொன்னாள். ஷாலினி தலையாட்டினாள். அன்றைக்கும் படுக்கும் முன் அதைச் சார்ஜில் போட்டாள்.

கோரமண்டலில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அது. வேந்தனின் அப்பா சுரங்கக் குழியில் இறங்கி வேலை செய்த காலத்தில் கிடைத்தது. ஷாலினியும் வேந்தனும் ஒன்பது வருஷமாக அதில் சேர்ந்து வாழ்ந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பத்தொன்பது வயதில் ஒரு தாலியை வாங்கிக்கொண்டவள் ஷாலினி. பங்காருபேட்டையில் நாலு வருஷம் அதோடு வாழ்ந்து, விவாகரத்து வாங்கிக் கழற்றி வைத்துவிட்டு, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவன்தான் வேந்தன். கட்டிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டபோது, ஒரு தடவை கட்டிப் பார்த்தாயிற்று, இருக்கத் தோன்றுகிறவரை இருக்கிறேன், அதற்கு மேல் கேட்காதே என்றாள். அவன் யோசித்துவிட்டு, சரி, ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் கேட்பேன் என்றான்.

சொன்னபடியே கேட்டான். புத்த பௌர்ணமியன்று மாலையில் புத்தர் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “இந்த வருஷமும் இருப்பியா?” என்பான்.

“பாக்கலாம்” என்பாள் அவள்.

எட்டு வருஷமும் அதே பதில்தான். இருப்பேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இந்த வருஷப் பௌர்ணமிக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. இந்தத் தடவை சொல்லியிருப்போமா என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லியிருப்போம் என்று இப்போது தோன்றுகிறது. அதை நம்பவும் முடியவில்லை. ஒருநாள் அலாரத்தை நிறுத்திவிட்டு, காலியாகக் கிடந்த அவன் பக்கத்துப் பாயைப் பார்த்து “இருக்கேன்” என்றாள். தன் குரலைக் கேட்டுத் தானே பயந்துபோனாள்.

அவன் இறந்தது மாலை ரயிலில். தினம் இரண்டு ரயில் பிடிக்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தூங்குகிறவனை அவன் இறங்கும் ஸ்டேஷன் வரை யாரும் தொடக்கூடாது. நாலு மணிக்கு எழுந்தவனுக்கு அந்தத் தூக்கம்தான் கூலி. வேந்தன் வைட்ஃபீல்டு தாண்டியதும், தினமும் கூடப் போய்வரும் டைட்டஸின் தோளில் சாய்ந்தான். டைட்டஸ் அசையாமல் உட்கார்ந்து வந்தான். பேசிக்கொண்டிருந்தவர்களைக் கையமர்த்தி மெதுவாகப் பேசச் சொன்னான். கோரமண்டல் வந்ததும் எழுப்பினான்.

சாவு வீட்டில் குடும்பத்துப் பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஷாலினி எலைனோடு வாசற்படியில் நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் வேந்தனின் அம்மா நாகம்மா பேத்தமங்களாவிலிருந்து வந்தாள். மூத்த மகன் சுந்தரராஜோடு அங்கே இருப்பவள். மகன் சாவுக்கு வந்ததைத் தவிர, ஷாலினி வந்ததிலிருந்து இந்த வீட்டுப் படியேறாதவள். ஒன்பது வருஷத்தில் அவளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று ஷாலினிக்கும் பிடிபட்டதில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நாகம்மா தண்ணீரைத் தொடாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் தடவிய கயிறு ஒன்று இருந்தது.

“பதினாறாம் நாளு சனங்க வரும். இவ யாருன்னு கேக்கும். நான் இன்னா சொல்றது? கட்டாததை எப்படிம்மா அறுக்கறது?”

ஷாலினி தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“அன்னிக்குக் காலைல அவன் போட்டோ முன்னாடி இதைக் கட்டிக்கோ. அப்பவே அறுத்துடறோம். பொம்பளைங்க நடுவுல பாயில ஒக்காரலாம். அப்புறம் உன்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது.”

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் ஷாலினியை உலுக்கியது. கிழவி தன்னால் ஆன ஒரே இடத்தைக் கொடுக்க வந்திருக்கிறாள். அரைமணி நேரம் மனைவியாக இருந்தால், காலத்துக்கும் அவனுடைய விதவையாக இருக்கலாம். கயிறு நாற்காலிமேல் கிடந்தது. நாகம்மா போன பிறகும் ஷாலினி அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

மறுநாள் மாலை டைட்டஸ் வேந்தனின் சாப்பாட்டுப் பையைக் கொடுக்க வந்தான். உள்ளே வரத் தயங்கினான். தோளை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்துக்கொண்டு நின்றான். அது அவனுக்குத் தெரியவில்லை. முன்னாடியே எழுப்பியிருக்கணும் சிஸ்டர் என்று மட்டும் மூன்று தடவை சொன்னான். அவனை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். ஏதாவது பேசவேண்டும் என்பதற்காக அவன் வடைக் கதையைச் சொன்னான்.

வருஷா வருஷம் புத்த பௌர்ணமிக்கு மறுநாள் வேந்தன் பங்காருபேட்டையில் இறங்கி ஓடி, ரயில் பெட்டியில் இருக்கிற எல்லாருக்கும் மசால் வடை வாங்கித் தருவானாம். எதுக்குடா என்று கேட்டால் சிரிப்பானாம்.

“‘வீட்ல இன்னொரு வருஷம் எக்ஸ்டென்ஷன் குடுத்துட்டாங்கடா’ன்னுவான். இன்னா சொன்னாங்கன்னு கேப்போம். பாக்கலாம்னாங்க, அப்படின்னுவான். அது எப்படிடா ஓகே ஆவும்னு ஓட்டுவோம் சிஸ்டர். ‘போறவங்க போறேன்னுதான் சொல்லுவாங்க. அவங்க பாக்கலாம்னா உலை வெக்கப் போறாங்கன்னு அர்த்தம்’னுவான்.”

ஷாலினி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவள் அழுகிற சத்தம் வெளியே கேட்டது. டைட்டஸ் டீயைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

பதினாறாம் நாள் காலையில் நாகம்மாவிடம் கயிற்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்கு வேணாங்க. அவரு இது இல்லாமத்தான் என்னை நம்புனாரு.”

நாகம்மாவின் முகம் இறுகியது. அப்படியென்றால் நீ வெளியே லைன்காரங்களோடு உட்காரு என்றாள். ஷாலினி போய் ஷாமியானாவுக்குக் கீழே எலைனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். உறவுக்காரர்கள் வந்தார்கள். யார் யாரோ அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்து பேசிக்கொண்டார்கள். உள்ளே பெண்கள் ராகம் வைத்து அழத் தொடங்கினார்கள். தன் வீட்டுக்குள்ளிருந்து வந்த அந்த அழுகையை அவள் தெருவில் உட்கார்ந்து கேட்டாள். கயிறு வாங்கியிருந்தால் இந்நேரம் உள்ளே இருந்திருக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல முடியாது.

படையல் போடும் நேரத்தில் அழுகை நின்றது. நாகம்மா வெளியே வந்து ஷாலினியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். உள்ளே படையல் இலையில் அவள் சமைத்து வந்த அதிரசமும் பருப்புப் பாயசமும் இருந்தன. வேந்தன் சின்ன வயதில் விரும்பியவை. அவள் ஷாலினியைப் பார்க்காமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“இப்பல்லாம் அவன் இன்னா துன்னுவான்?”

“இனிப்பு தொடமாட்டாரு. ராத்திரி மிஞ்சின சோத்துல மோர் ஊத்தி, பச்சை மொளகாயைக் கடிச்சிக்குவாரு.”

“மொளகாயா? அவனா? காரம் பட்டாலே அழுவானே.”

“இப்ப துன்றாரு.”

அந்த வார்த்தையை நாகம்மா திருத்தவில்லை.

“மொளகா எங்க வெச்சிருக்க?” என்றாள்.

ஷாலினி எழுந்து உள்ளே போனாள். பாயில் இருந்த பெண்கள் கால்களை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள்.