கயிலையடிவாரத்து அம்மா

அம்மாவின் இந்த நினைவு மலரின் முதல் வரியை எழுதத்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. மலரை வடிவமைத்துத் தந்த சிவம் மாமா, யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர், ஆக்லாந்தின் ஹென்டர்சனில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருப்பவர், போனில் கேட்டார்:

"பிள்ளை, அம்மாட பிறப்பிடம் என்னெண்டு போடுறது?"

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவைப் பார்த்தேன். "சரி, அது நிக்கட்டும்" என்று மாமா அடுத்த வரிக்குப் போனார். "இன்னார் கயிலாய பதவி அடைந்தார்..." பாதியிலேயே அப்பா சிரித்துவிட்டார். மறுமுனையில் மாமாவும் சிரித்தார். துக்க வீட்டில் என்ன சிரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

அம்மா திபெத்தியர். சீனப் படை ஊரைப் பிடித்தபோது அவருடைய பெற்றோர் பனிக்கணவாய் தாண்டி இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். வந்தவர்களுக்கு மலையில் ரோடு போடும் வேலைதான் கிடைத்தது. அந்த ரோட்டோரம் ஒரு கூடாரத்தில் அம்மா பிறந்தார். பிறகு கொள்ளேகால் காட்டோரம் அகதிக் குடியிருப்பு, மக்காச்சோளக் காடு. குளிர்காலம் வந்தால் கோயம்புத்தூர் நடைபாதையில் ஸ்வெட்டர் கடை. தமிழ் அங்கேதான் படித்தார். கற்ற முதல் வாக்கியம், "ஒரே வெலைதானுங்க."

பக்கத்து லேத் பட்டறையில் வேலை பார்த்த அப்பா ஒருநாள் பேரம் பேச வந்தார். "இது கம்பளியா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க, வெறும் நூலு. ஆனா குளிராதுங்க."

உண்மை பேசும் கடைக்காரி! அப்பா மறுபடி மறுபடி வந்து நான்கு ஸ்வெட்டர் வாங்கிவிட்டார். கோயம்புத்தூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தவரைப் பார்த்துத்தான் எங்கள் பெரியப்பாவுக்கு விஷயம் புரிந்ததாம். ஆக்லாந்து வந்த பிறகுதான் அந்த நான்குக்கும் உருப்படியான வேலை கிடைத்தது.

இங்கே அம்மா பென்ரோஸில் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை பார்த்தார். முகத்தைப் பார்த்துச் சிலர் சீனாக்காரி என்றார்கள், சிலர் நேபாளி என்றார்கள், கோயிலில் சிலர் பர்மாத் தமிழர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அம்மா யாரையும் திருத்தியதில்லை. பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கும் நான் குதிப்பேன். "ஒவ்வொருத்தருக்கா வரலாறு சொல்லீட்டிருந்தா சோறு பொங்கறது யாரு கண்ணு?" என்பார்.

திபெத்தியப் புத்தாண்டுக்கு முன்பு எங்கள் வீட்டில் ஒரு சூப் உண்டு. ஒவ்வொருவர் கிண்ணத்திலும் ஒரு பெரிய மாவு உருண்டை, அதற்குள் ஒரு பொருள். மிளகாய் வந்தால் வாயாடி. உப்பு வந்தால் சோம்பேறி. கரி வந்தால் கறுத்த மனசு. கம்பளி வந்தால் இளகிய மனசு. குலுக்கிப் போட்டதாக அம்மா சொல்வார். ஆனால் அப்பாவுக்கு எப்போதும் மிளகாய், எனக்கு எப்போதும் உப்பு.

ஒரு வருடம் அந்தச் சூப்புக்குச் சிவம் மாமாவும், அம்மாவோடு வேலை பார்த்த மேரே என்ற, இந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணியும் வந்திருந்தார்கள். மேரே அம்மாவிடம், "உன் மலை எது?" என்று கேட்டார். மாவோரிகள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதே மலையின் பெயரிலிருந்துதான்.

அம்மா என்னிடம், "பாக்காத மலையைச் சொல்லலாமான்னு கேளு கண்ணு" என்றார்.

மேரே சொன்னார்: "நான் ஆக்லாந்தில்தான் பிறந்தேன். எங்கள் மலையைச் சுற்றியிருந்த நிலத்தை வெள்ளைக்கார அரசு எடுத்துக்கொண்டது. அதற்காக வேறு மலையைச் சொல்ல முடியுமா?"

"அப்ப காங் ரின்போச்சே" என்றார் அம்மா. "எங்கம்மா அதுக்குக் கீழதான் ஆடு மேச்சாங்க."

நான் போனில் படத்தைத் தேடிக் காட்டினேன். மாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது கயிலாயமெல்லே!"

"உங்காளுங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க."

"தங்கச்சி! வருசக்கணக்கா கோயில்ல கயிலை நாதா, கயிலை நாதா எண்டு தொண்டை கிழியப் பாடுறம். நீர் பின்னால இருந்து கேட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

"யாரும் கேக்கலீங்களே."

அப்பா குறுக்கிட்டார்: "இத்தனை வருசமா பார்வதியோட குடும்பம் நடத்தீட்டு இருந்திருக்கறேன்."

"இதுக்குத்தான் உங்களுக்கு மொளகா" என்றார் அம்மா.

அடுத்த ஆண்டு கோயிலிலிருந்து சிலர் கயிலை யாத்திரை கிளம்பினார்கள். மாமா அம்மாவின் பெயரையும் சேர்த்தார். "ஒருக்கா பாத்தாப் போதும்" என்று அம்மா சின்னப்பிள்ளை போலத் தயாரானார். எல்லோருக்கும் சீன விசா வந்தது. திபெத்தியரான அம்மாவுக்கு மட்டும் வரவில்லை.

மறுநாள் அவர் பழைய பெட்டியைத் திறந்து அந்த நான்கு ஸ்வெட்டர்களையும் மாமாவிடம் கொடுத்தார். "கம்பளி இல்லீங்க. ஆனா குளிராது. அங்க போயி எங்கம்மா பேரை மட்டும் சத்தமாச் சொல்லிப்போட்டு வாங்க."

மாமா சொன்னார். அந்த வீடியோ இன்னும் எங்களிடம் இருக்கிறது. நான்கு ஸ்வெட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, "டோல்மா அம்மா! உங்கட மகள் சுகமா இருக்கிறா!" என்று மலையைப் பார்த்துக் கத்துகிறார். யாரோ தொலைந்துவிட்டார் என்று நினைத்து யாத்திரைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, "டோல்மா! டோல்மா!" என்று கூப்பிடுகிறார்கள். அம்மா அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். சிரிப்பார், கண்ணைத் துடைப்பார், மறுபடி போடுவார்.

அம்மாவுக்கு நோய் முற்றியிருந்த இந்த ஆண்டும் சூப் நடந்தது. உருண்டையை உடைத்தால் எனக்குக் கம்பளி. மேரேவுக்குக் கம்பளி. மாமாவுக்கும் கம்பளி. அப்பா தன் உருண்டையைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"மொளகா தீந்துபோச்சா?"

"இந்த வருசம் எல்லாரும் நல்லவங்கன்னு வெச்சுக்குங்க" என்றார் அம்மா. "அப்பறம் ஒண்ணு. நீங்க அழுதா, நான் போற வழியில மழை கொட்டும். யாரும் அழக்கூடாது."

கொஞ்ச நாளில் அமைதியாகப் போய்விட்டார். கோயம்புத்தூர் வழக்கில் பதினாறு, யாழ்ப்பாண வழக்கில் முப்பத்தொன்று, அம்மாவின் ஆட்களுக்கு நாற்பத்தொன்பது. அந்த நாற்பத்தொன்பதாம் நாளில் இந்த மலர் உங்கள் கையில் இருக்கிறது.

அம்மாவைத் தாங்கிப் பிடித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், வாசலில் நின்று தம் மொழியில் பாடி அனுப்பிவைத்த மேரேவுக்கும், மந்திரம் ஓதிய திபெத்தியக் குடும்பங்களுக்கும், கோயில் அன்பர்களுக்கும், சவப்பெட்டிக்குள் அம்மாவின் காலடியில் அந்த ஸ்வெட்டர்களை மடித்து வைத்த சிவம் மாமாவுக்கும் எங்கள் நன்றி. இன்று மதியம் சூப் உண்டு. உருண்டை பிடித்தது நான். மிளகாய் நிறைய இருக்கிறது, பார்த்துக் கடியுங்கள்.

முதல் வரியை அப்பாதான் சொன்னார். மாமா எழுத்து மாறாமல் அச்சடித்தார்:

"கயிலை மலையடியைப் பூர்வீகமாகவும், ரோட்டோரக் கூடாரத்தைப் பிறப்பிடமாகவும், கோயம்புத்தூரைப் புகுந்த ஊராகவும், ஹென்டர்சனை வதிவிடமாகவும் கொண்ட எங்கள் அம்மா, இம்முறை விசா கேட்காமல் ஊர் போய்ச் சேர்ந்தார்."