கல்லைச் சொல்லு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குள் சுட்டெழுத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன், இவன், அது, இது. சுட்டுவதற்கு ஒரு விரல் வேண்டும், அந்த விரல் தெரிகிற இடத்தில் நாம் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதை ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் தெரிந்துகொண்டேன்.

நான் ஓரிடத்தில் நிலைத்தவன் இல்லை. ஓட்டலில் தட்டுக் கழுவினேன், மலைமேல் ஏலக்காய் பறித்தேன், அட்டைக்கடியும் குளிரும் ஒத்துவராமல் இறங்கி வந்து திராட்சைக்குச் சேர்ந்தேன். அங்கே மருந்தடிக்கிற வேலை இரண்டு பேருக்கு. மாமா ஸ்ப்ரே கன்னைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் போவார். நான் வெளியே மோட்டாரையும் மருந்துத் தொட்டியையும் பார்த்துக்கொள்வேன். சொந்த மாமா இல்லை. ஆண்டிபட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் நாளே என்னை மாப்ள என்றார், நான் மாமா என்றேன். அவ்வளவுதான் உறவு.

கல்தூண்களை நட்டு, மேலே கம்பி இழுத்து, அதில் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். உள்ளே குனிந்துதான் நடக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கல், ஒரே இலை. அதனால் மேஸ்திரி ஒவ்வொரு கல்லிலும் பெயிண்டால் எண் எழுதி வைத்திருந்தார்.

"இங்கன அங்கனன்னா எனக்கு என்னடா தெரியும்? நீ நிக்கிற எடம் உனக்கு இங்கன. எனக்கு எல்லாமே அங்கனதான். கல்லைச் சொல்லு" என்பார்.

மாமா விடமாட்டார். "எம்பொண்டாட்டி கேட்டாலும் கல்லு நம்பர்தான் சொல்லணுமா மேஸ்திரி?"

"மொதல்ல அவ ஒன்னையத் தேடுறாளான்னு கேளு."

மோட்டார் ஓடும்போது கத்தினால் கேட்காது. மாமாவுக்கு எழுதவும் வராது. போனில் குரலைப் பதிந்து அனுப்புவார். "மாப்ள, பதினெட்டாம் கல்லு. ஹோஸ் சிக்கிருச்சு, எடுத்து விடு." "மாப்ள, அம்பதாம் கல்லு. தண்ணி கொண்டா, அப்படியே ரெண்டு வடையும்." நான் அவ்வப்போது போனை எடுத்துப் பார்ப்பேன். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

அன்றைக்கு முற்பகல். பெட்ரோல் தீர்ந்து மோட்டார் நின்றபோதுதான் போனைப் பார்த்தேன். மாமாவின் குரல் அரை மணி நேரத்துக்கு முன்னால் வந்திருந்தது.

"ஏ... இங்கனதான் கெடக்கேன். ஒரு மாதிரியா வருது. இப்ப வா."

கல் எண் இல்லை.

ஹோஸைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஓடினேன். அதன் முனையில் கன் மட்டும் கிடந்தது. மருந்து கொட்டிக் கொட்டி அந்த இடம் சேறாகியிருந்தது. மாமா இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. மழை பெய்து களை முழங்கால் உயரம் நின்றது. ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று குரலைத் திரும்பப் போட்டேன். தூரத்தில் மோட்டார் சத்தம், ஒரு மயில், அவருடைய மூச்சு. இன்னொரு தடவை போட்டேன். அந்த 'இங்கன' என் கையில்தான் இருந்தது. நான் போன வரிசைக்கெல்லாம் கூடவே வந்தது. ஒவ்வொரு கல்லிடமும் இங்கனதான் என்றது. 'இப்ப வா' என்றது. அந்த இப்ப எப்போதோ முடிந்து போயிருந்தது.

முப்பத்தேழாம் கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் குடிக்க இறங்கியவர் மாதிரி வாய்க்காலில் கிடந்தார். உடம்பில் சூடு இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அதுவும் போனது. மருந்து என்றார்கள், வெயில் என்றார்கள், நெஞ்சு என்றார்கள்.

காரியம் முடிந்து அவர் மனைவி தோட்டத்துக்கு வந்தார். ஆண்டிபட்டியில் தறி ஓட்டுகிறவர். மாமாவின் துணிமணியை வாங்கிப் போக வந்ததாகச் சொன்னார். பையைக் கொடுத்தேன், போகவில்லை. மாமாவின் போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அவுகளுக்கு எழுத்துத் தெரியாதுல்ல தம்பி. போட்டோவப் பாத்துத்தான் அமுக்குவாக. மேல எம்படம் இருக்கு, அதுக்குக் கீழ உம்படம். மருந்து பட்ட கண்ணுக்கு அது சரியாத் தெரிஞ்சிருக்குமா?"

போனை வாங்கி அந்த இரண்டு படங்களையும் பார்த்தேன்.

"ஒன்னைய மாப்ளன்னுதானே கூப்புடுவாக. என்னையத்தான் 'ஏ'ன்னு கூப்புடுவாக. கட்டுன நாள்ல இருந்து பேரு சொன்னதே இல்ல. எனக்குப் போட நெனச்சுத்தான் ஒனக்குப் போட்டாகளோன்னு இருக்கு. என்னையவா தம்பி கூப்புட்டாக?"

அவர் சொல்லாத ஒன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு என்று நினைத்திருந்தால் கல்லைச் சொல்லியிருப்பார். வீட்டுக்காரிக்குத்தான் வெறும் இங்கன. ஆமாக்கா, உங்களைத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னை யாரும் கூப்பிடவே இல்லை என்று ஆகிவிடும். அந்த அரை மணி நேரம் என் தலையிலிருந்து இறங்கும். இறங்கி அவர் தலையில் ஏறும். ஆண்டிபட்டியில் தறிக்கு முன்னால் உட்கார்ந்து, வரச் சொல்லியும் போகாமல் இருந்துவிட்டோமே என்று அவர் சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்.

"என்னையத்தான்க்கா" என்றேன். "மாப்ளன்னு சொல்ல அவருக்கு மூச்சு இல்ல."

"நெசமாவா?"

"என்னையத்தான்."

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. போனை வாங்கிப் பையில் போட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நீ ஏன் போகல?"

"மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சுக்கா."

அவர் பையை எடுத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நடந்து போனார்.

அடுத்த வாரமே அந்தத் தோட்டத்தை விட்டேன். இப்போது லோயர் கேம்பில், வாய்க்கால் பக்கம் வேலை. போன் மாற்றிவிட்டேன். அந்தக் குரலைப் புதியதற்கும் மாற்றி வாங்கிக்கொண்டேன். போட்டுக் கேட்பதில்லை. பக்கத்தில் எங்காவது மோட்டார் ஓடினால் மட்டும் போனைப் பையில் வைக்க முடிவதில்லை. கையிலேயே வைத்திருக்கிறேன்.