வெயிலில் சூடான தண்ணீர்

மருதமுனையில் தண்ணீரைச் சூடாக்க மெஷின் பூட்டிய குடும்பம் என்று எங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. மீன் வாங்கப் போனாலும் விடமாட்டார்கள், கலியாண வீட்டுக்குப் போனாலும் விடமாட்டார்கள். மத்தியானத்தில் வெறுங்காலை மணலில் வைத்தால் துள்ளிக் குதிக்க வேண்டிய ஊரில் இது கொஞ்சம் கூடுதலான வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சிரிக்கிறவர்களில் ஒருவராவது சாச்சியின் முழங்காலைப் பற்றிக் கேட்கிறார்களா என்றால், இல்லை.

சாச்சி உம்மாவின் தங்கை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். ஆகவே ஒரே வளவுக்குள் முன்னால் எங்கள் வீடும் பின்னால் சாச்சியின் வீடும் இருந்தன. அவள் கணவர் சாச்சாவுக்குக் கட்டாரில் வேலை. ஒரு ஹோட்டலில் நீச்சல் தடாகங்களைப் பார்த்துக்கொள்வார். கலியாணம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தாலும், இருவரும் சேர்ந்திருந்த காலத்தை மாதக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தேன். ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதனையை எழுதி முடித்துவிட்டு, வேறு வேலை எதுவும் இல்லாமல், பாதி நாள் சாச்சியின் வீட்டிலேயே கிடப்பேன்.

அந்த வருடம் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வரும்போது சாச்சியின் அபாயா பின் சில்லில் சிக்கி இழுத்தது. விழுந்ததில் முழங்கால் நொறுங்கியது. கம்பி வைத்துத் தைத்தார்கள். காயம் ஆறியது, கால் மட்டும் மடங்க மாட்டேன் என்றது. இளஞ்சூடான தண்ணீரில், நெஞ்சளவு ஆழத்தில், தினமும் நடந்தால் மடங்கும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கடல் என்னவோ கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் கரைவலைக்காரரும் பந்தடிக்கிற பொடியன்மாரும் பார்த்துக்கொண்டு நிற்க, சாச்சி எப்படி அதில் இறங்குவாள்?

சாச்சா லீவில் வந்து சேர்ந்தார். மனைவி நடக்கத் தொடங்கியதும் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் ஹோட்டல்காரரோடு பேச்சு. வருகிற போகிற எல்லோரிடமும் அதையே சொன்னார்.

"அவள் நடந்துட்டா நான் நிம்மதியாப் போவன்."

சாச்சி அப்போதெல்லாம் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து வைப்பாள்.

தெரிந்த தொழில் என்றபடியால் மேசனைப் பிடித்து வளவின் பின்பக்கத்தில் சாச்சாவே ஒரு சின்னத் தடாகம் கட்டினார். அவர் நீச்சல் தடாகம் என்றார், ஊரார் குளம் என்றார்கள். எங்கள் மாவட்டத்தில் குளம் என்றால் வயலுக்குப் பாய்கிற தண்ணீர். மாவடிப்பள்ளியிலிருந்து எங்களுக்கு அரிசி கொண்டுவருகிற வயல்காரப் போடியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட குளத்தால எத்தின ஏக்கர் பாயும் தம்பி? எனக்கும் ஒரு வாய்க்கால் வெட்டித் தாங்களன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சுற்றிவர மாடி வீடுகள். எந்த ஜன்னலைத் திறந்தாலும் எங்கள் குளம் தெரியும். ஆகவே நாலு பக்கமும் தகரம் அடித்து, மேலேயும் தகரம் போட்டு மூடினோம். ஒரு கண்ணும் எட்டாது. வெயிலும் எட்டாது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அது மாரி மழை விட்டுப் பனி விழுகிற காலம். சாச்சி முதல்நாள் ஒரு காலை வைத்துவிட்டு, "அல்லாஹ்வே, ஐஸ்!" என்று இழுத்துக்கொண்டாள். குளிரில் முழங்கால் இன்னும் இறுகிப் போனது. இப்படியாக, இருந்த வெயிலைத் தகரம் போட்டுத் தடுத்துவிட்டு, அதே வெயிலைக் குழாய் வழியாகக் கொண்டுவருவதற்கு நாங்கள் வழி தேடத் தொடங்கினோம்.

கரண்டில் சூடாக்கினால் பில் வருகிற அன்றைக்கு வேறொரு நோயாளி உருவாகிவிடுவார் என்று வாப்பா சொன்னார். சோலார்தான் என்று முடிவானது. எந்தச் சோலார் என்பதில்தான் சிக்கல். கொழும்பு ஏஜென்ட் ஒருவர், கண்ணாடிப் பெட்டிக்குள் செம்புக் குழாய் ஓடுகிற ஒன்றின் படத்தை போனில் அனுப்பியிருந்தார். வாப்பாவுக்குக் கல்முனையில் ஹார்ட்வெயார் கடை. செம்பு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சாச்சாவுக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன் முறை.

"காக்கா, அது குளியலறைக்குச் சரி. கொஞ்சத் தண்ணியை நிறையச் சூடாக்கும். எங்களுக்கு நிறையத் தண்ணியைக் கொஞ்சமாச் சூடாக்கினாப் போதும். அதுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பாய் இருக்கு, குழாய் குழாயா. குளோரின் தண்ணி பட்டா செம்பு அரிச்சுப் போகும்" என்று சாச்சா மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கா? என்ட கடை வாசல்ல வெயிலுக்கு வெச்ச வாளியே வெடிச்சுப் போகுது. செம்பெண்டாப் பேரப்பிள்ளை காலத்துக்கும் கிடக்கும் தம்பி. சும்மா இரிங்க."

வாப்பா மூத்த மருமகன். இளைய மருமகன் அதற்கு மேல் கதைக்கக் கூடாது. சாச்சா சும்மா இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு செம்புக்குச் சொல்லிவிடுவது என்று முடிவானது.

இடையில் என்னுடைய பாடம் வந்து சேர்ந்தது. நான் பின்னேரங்களில் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போவேன். ஹஸரத் எங்களுக்கு அப்போது தண்ணீர்களின் பாடத்தை எடுத்துக்கொண்டிருந்தார். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்ய எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது என்பது. அவர் ஒரு வரி சொல்ல, நாங்கள் கூரை அதிரக் கத்துவோம். அன்றைய வரி, "வெயிலில் சூடான தண்ணீர் மக்ரூஹ்." அதாவது ஹராம் இல்லை, ஆனாலும் தவிர்த்துக்கொள்வது நல்லது. அதை உடம்பில் பாவித்தால் வெள்ளைத் தழும்பு விழும் என்று பயந்துதான் பழைய ஆலிம்கள் அப்படிச் சொன்னார்களாம். மிச்சத்தைச் சொல்ல முன் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டுவிட்டது.

இராச் சாப்பாட்டில் எல்லோரும் இருக்க நான் அதை ராகத்தோடு ஒப்புவித்தேன். பாராட்டுக் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். சாச்சாவின் கை சோற்றிலேயே நின்றது.

"என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு" என்றாள் சாச்சி. அவள் என் பாடத்தைக் கவனித்துக் கேட்டது அன்றைக்குத்தான். நான் இன்னும் பலமாகச் சொன்னேன், வெள்ளைத் தழும்பையும் சேர்த்து.

"அப்ப நான் இறங்க மாட்டன். கால் மடங்காட்டியும் பரவாயில்ல, மேலெல்லாம் வெள்ளை விழுந்து கிடக்க ஏலா."

"ஹராமெண்டா சொல்லியிருக்கு? மக்ரூஹ்தானே புள்ள" என்றார் உம்மா.

"உங்களுக்கென்ன ராத்தா, இறங்கப் போறது நான்."

விடிய சுபஹ் தொழுகைக்கு எத்தனை தரம் தட்டினாலும் புரண்டு படுக்கிற சாச்சிக்கு இவ்வளவு பேணுதல் எங்கிருந்து வந்தது என்று உம்மாவே வாயில் கையை வைத்தார். சாச்சா கை கழுவப் போனவர் அப்படியே வெளியே போய் நின்றார். அந்த மனிதர் பாவம். மேசனோடு சேர்ந்து மண் வெட்டிய கை இன்னும் காய்த்திருந்தது.

மறுநாள் சாச்சா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். "பாடத்தக் கொண்டு வந்தது நீ. நீயே வந்து கேளு மகள்."

ஹஸரத் முழு விசயத்தையும் கேட்டார். தடாகம் என்றதும் உதட்டோரம் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"பாடம் இன்னும் முடியல்லயே புள்ள. அதுக்கு நிபந்தனை இருக்கு. சூடான நாடா இருக்க வேணும். நம்மட நாடு சூடுதான், அது சரி. ஏனம் எது?"

"செம்பு, ஹஸரத்" என்றார் சாச்சா.

"அப்ப விட்டுடுங்க."

சாச்சாவின் முகம் விழுந்துவிட்டது. ஹஸரத் தொடர்ந்தார். "சம்மட்டியால அடிச்சாத் தட்டையாகி நீளுற சாமான் எதுவோ, அதுக்குத்தான் இந்தச் சட்டம். செம்பு, இரும்பு, பித்தளை. மண் பானைக்கு இல்ல."

சாச்சா நிமிர்ந்தார். "பிளாஸ்டிக்?"

ஹஸரத் தாடியைத் தடவினார். "அடிச்சா நீளுமா?"

"நீளாது ஹஸரத். வெடிச்சுப் போகும். எங்கட காக்காவே சொன்னார்."

"மறுகா என்ன? தாராளமா இறங்கச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது சாச்சா வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார். வாப்பாவிடம் என்னைத்தான் சொல்ல விட்டார். செம்பு மக்ரூஹ் என்று மார்க்கமே சொல்லிவிட்ட பிறகு வாப்பாவால் என்ன கதைக்க முடியும்? கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். அடுத்த நாளே கடைக்கு வருகிறவர்களிடம், செம்பு நல்லதுதான், ஆனால் தண்ணீர் விசயத்தில் யோசிக்க வேணும் என்று தானே கண்டுபிடித்தவர் போலச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

நான் சாச்சியிடம் ஓடினேன். அவள் கதிரையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சாச்சி, ஒண்டும் இல்லையாம்! பிளாஸ்டிக் அடிச்சா வெடிக்குமாம்! நீங்க இறங்கலாமாம்!"

அவள் என்னையே பார்த்தாள். "நல்ல சந்தோசம் மகள்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். இலையைக் குப்பைக்கும் தண்டைச் சட்டிக்குமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். உம்மா வந்து ஏசிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

கறுப்புப் பாய்கள் சுருட்டாக வந்து இறங்கின. சாச்சாவும் வாப்பாவும் மொட்டை மாடியில் அவற்றைத் தெற்குப் பார்த்து விரித்தார்கள். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும் என்று சாச்சா சொன்னார். ஒரு பக்கம் கல் வைத்துச் சற்று உயர்த்தினார்கள். கடல்காற்று தூக்கிக்கொண்டு போகாமல் நைலோன் பட்டியால் குறுக்கும் மறுக்கும் கட்டினார்கள். மோட்டார் தடாகத்துத் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். பாயின் கீழ் நுனியால் ஏறி, வெயிலில் காய்ந்து, மேல் நுனியால் வழிந்து, மறுபடியும் தடாகத்துக்கே வந்துவிடும். முதல் தரம் மோட்டாரைப் போட்டபோது ஒரு மூட்டுக் கழன்று, பக்கத்து மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த மாமியின் தலையில் தண்ணீர் பொழிந்தது. "நல்லா வெயில் எறிக்கக்குள்ள மழையா?" என்று அவர் வானத்தைப் பார்த்தார். நாங்கள் குனிந்துகொண்டோம்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து திரும்பி வருகிற குழாயில் கையை வைத்துப் பார்த்தோம். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதம். வாப்பாவுக்கு அது போதவில்லை. "இவ்வளவுதானா?" என்றார்.

"தேத்தண்ணி போடவா போறம் காக்கா?" என்றார் சாச்சா. சில நாட்களில் தடாகம் முழுக்க அந்தச் சூடு பிடித்துவிட்டது.

சாச்சி இறங்கினாள். சாக்குச் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. துணைக்கு நானும் இறங்குவேன். சாச்சா தகரக் கதவுக்கு வெளியே கதிரை போட்டு இருப்பார். முதலில் சுவரோரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதழுது நடந்தாள். பிறகு அழாமல் நடந்தாள். பிறகு ஒருநாள் கம்பியை விட்டுவிட்டாள். தண்ணீருக்குள் அவள் முகமே வேறு. எனக்குத் தண்ணீர் அடித்து விளையாடுவாள், பாட்டு முணுமுணுப்பாள். ஆனால் வெளியிலிருந்து, "இண்டைக்கு எப்படிப் புள்ள?" என்று சாச்சா கேட்டால், முகத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரே பதில்தான்.

"நோகுது. அப்படியேதான் கிடக்கு."

கரைக்கு ஏறியதும் பொல்லை ஊன்றி நொண்டுவாள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. சாச்சா எவ்வளவு பாடுபட்டுப் பாய் விரித்தார், சம்மட்டிக் கேள்வியை யார் போய்க் கேட்டது, இதெல்லாம் வீண் என்பது போலல்லவா இவள் கதைக்கிறாள்? ஒருநாள் அவள் "அப்படியேதான்" என்று தொடங்க முன் நான் கத்திவிட்டேன்.

"பொய் சாச்சா! சாச்சி கம்பியைப் பிடிக்காமலே நடந்தா! கால் நல்லா மடங்குது!"

வெளியே கதிரை நகரும் சத்தம். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சாச்சா அழுதே விட்டார். உள்ளே சாச்சி மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்னை ஏசவில்லை. என் தலையை வழக்கத்தை விட மெதுவாகத் துவட்டினாள்.

அடுத்த கிழமை சாச்சாவுக்கு டிக்கெட் வந்தது. வேன் வாசலில் நிற்க, சாச்சி பொல்லில்லாமல் படலை வரைக்கும் நடந்து போனாள். மாமிமார் எல்லாம், "மாஷா அல்லாஹ், என்ன நடை" என்று வாயைப் பிளந்தார்கள். சாச்சா என் தலையைத் தடவி, "நீதான் மகள் சாச்சிய நடக்க வெச்ச" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது. எல்லோரும் கலைந்து போனார்கள். சாச்சி மட்டும் படலையைப் பிடித்தபடி அந்த நல்ல காலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நடக்கவும் வேண்டும், அவர் போகவும் கூடாது. இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க சாச்சி, தண்ணி நல்ல சூடாக் கிடக்கு, இறங்குவம்."

"நீ போய் இறங்கு மகள்" என்றாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள். பாவம், இன்னும் கால் நோகிறதாக்கும், என்னிடம்தான் சொல்லாமல் மறைக்கிறாள் என்று நினைத்து, நாளைக்கு இன்னும் கொஞ்சம் சூடு கூட்டலாமா என்று வாப்பாவிடம் கேட்க ஓடினேன்.